இரும்புலியூர் ஏரியில் கப்பல்

எனக்குத் திசை தெரியாது. வேறு யாராவது இப்படிச் சொன்னால் அதில் விசேஷம் ஒன்றுமில்லை. தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் பூகோளம் நடத்தி, அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கரைத்துப் புகட்டிய நான் சொல்கிறேன். காகிதத்தில் எனக்குத் திசை தண்ணீர் பட்ட பாடு. மேலே வடக்கு, கீழே தெற்கு. அதில் என்னை யாரும் அசைக்க முடியாது. காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு என்னை ஒரு தெருமுனையில் நிறுத்தினால்தான் வண்டவாளம் வெளியே வரும்.

தாம்பரத்தில் இருந்தவரை அது வெளியே வரவே இல்லை. எங்கள் ஊரில் திசை என்றால் தண்டவாளம். அதற்கு இந்தப் பக்கம் ஈஸ்ட், அந்தப் பக்கம் வெஸ்ட். ஒரு முனையில் பீச், மறுமுனையில் செங்கல்பட்டு. இதைத் தெரிந்துகொண்டால் பிழைத்துக்கொள்ளலாம். (தாம்பரத்தில் சூரியனே தண்டவாளத்தைப் பார்த்துத்தான் உதிக்கிறது என்று அப்பா சொல்வார்.)

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எழும்பூருக்கோ மாம்பலத்துக்கோ ரயில் ஏறும்போது "மெட்ராஸ் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுவோம். வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் மட்டும் நாங்கள் சுத்தமான மெட்ராஸ்வாசிகள். இந்த இரட்டை வேஷம் வருடக்கணக்காக ஒரு தொந்தரவும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் அம்மா அதைப் போட்டு உடைத்தாள்.

எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தைந்து வயது. எங்கள் வீடு இரும்புலியூரில். ஏரித் தண்ணீரில் நெல் விளைத்த குடும்பம் எங்களுடையது. நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகி, அப்பா ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமெண்டும் கம்பியும் விற்றுக்கொண்டிருந்தார். எழும்பூரிலிருந்து பையன் வீட்டார் வந்தார்கள். பையனின் பெயர் தியாகு, டெலிபோன் இலாகாவில் வேலை. (வயது இருபத்தொன்பது. கல்யாணம் ஆகும்வரை பையன்தான்.) அவருடைய அப்பா ஏதோ சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று தரகர் சொல்லியிருந்தார். என்ன உத்தியோகம் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

தியாகுவை எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது. சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்காமல், எந்த வகுப்புப் பிள்ளைகள் ரொம்பப் படுத்துகிறார்கள் என்று கேட்டார். எட்டாம் வகுப்பு 'சி' பிரிவு என்றேன். தானும் எட்டாம் வகுப்பு 'சி' பிரிவுதான் என்று சொல்லிவிட்டு இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அம்மா, பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று, "நாங்க மெட்ராஸ் பக்கம் போயே மூணு மாசம் ஆச்சு" என்றாள்.

பையனின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப இது மெட்ராஸ் இல்லியா?"

அவர் பஸ்ஸில் வந்தவர். பாதி வழியில் தூங்கி, தூங்கி எழுந்து, மறுபடியும் தூங்கியும் ஊர் வரவில்லை என்று அவருக்கு ஏற்கெனவே மனத்தாங்கல். கல்யாணத்துக்குப் பிறகு நான் எழும்பூரிலிருந்து தினமும் தாம்பரம் வந்து வேலை பார்க்கப் போகிறேன் என்று கேட்டதும் அது மலையாக வளர்ந்துவிட்டது. பொண்ணு நல்ல பொண்ணு, வேலையை மட்டும் விட்டுவிட்டு வரட்டும், மற்றதைப் பேசிக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார். எனக்குத் தியாகுவும் வேண்டும், எட்டாம் வகுப்பு 'சி'யும் வேண்டும். வேலையை விடுவது என்பது என் கையை விட்டுவிட்டு வரச் சொல்வது மாதிரி இருந்தது.

சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த நான் கூடத்துக்கு வந்து, தாம்பரம் அப்படி ஒன்றும் தூரம் இல்லை என்றேன். உங்கள் வீட்டுப் பக்கத்தில் இருக்கிற பழைய சர்ச்சின் கோபுரத்தில் ஏறி நின்றால் எங்கள் ஊர் கண்ணுக்குத் தெரியும் என்றேன். கண்ணுக்குத் தெரிகிற இடத்தைத் தூரம் என்று சொல்லலாமா என்று, வகுப்பில் கேட்பது போலக் கேட்டும் விட்டேன்.

இதற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. இரண்டு வருடம் முன்பு பள்ளிப் பிள்ளைகளை அந்தக் கோபுரத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போயிருந்தேன். மேலே நின்று ஒருத்தி, "டீச்சர், நம்ம ஊர் தெரியுது" என்றாள். நான் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்; திரும்பிப் பார்க்காமலே "ஆமாம், நன்றாகப் பார்" என்றேன். அவ்வளவுதான் ஆதாரம்.

பையனின் அப்பா அதுவரை வாய் திறக்காதவர். கட்டைக் குரல், முறுக்கிய மீசை, முழங்கை வரைக்கும் மடித்த சட்டை. "அப்டியா? அப்ப ஏறிப் பாத்துட்டாப் போச்சு" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவும் நானும் மின்சார ரயிலேறி எழும்பூரில் இறங்கினோம். தியாகுவும் அவர் அப்பா அம்மாவும் சர்ச் வாசலில் காத்திருந்தார்கள். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். வெளியே தடித்தடியான தூண்கள். உள்ளே நுழைந்தால் சட்டென்று குளிர்ச்சி. சுவரெல்லாம் சலவைக்கல் பலகைகள், கடல் கடந்து வந்து காய்ச்சலில் போன துரைமார்களின் பெயர்களெல்லாம் அவற்றில் இருந்தன. அம்மா ஒவ்வொரு பலகைக்கும் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு பலகை உப்பு வரி வசூலித்த துரையுடையது என்று நான் படித்துச் சொன்னபோது, போட்டதைத் திரும்ப எடுக்கவா முடியும் என்று கேட்டாள்.

கோபுரத்தின் கதவைத் திறக்க, சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் சாவியோடு வந்தார். நான் செருப்பைக் கழற்றினேன். அவர், மேலே செருப்போடு போகலாம், போவதுதான் நல்லது என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த உபதேசம்: எந்த மதமாக இருந்தாலும் கோயில் கோயில்தான், செருப்புக் காலோடு ஏறுவது நம் வழக்கமில்லை என்று நின்ற இடத்திலேயே ஒரு சின்னச் சொற்பொழிவு நிகழ்த்தினேன். வருங்கால மாமியார் முன்னால் பக்தியும் பண்பாடும் காட்டக் கிடைத்த வாய்ப்பை விடுவேனா. ஐந்து ஜோடிச் செருப்பும் கீழே வரிசையாக நின்றன. பெரியவர் எங்கள் வெறுங்கால்களை ஒருமுறை பார்த்துவிட்டு, உங்கள் இஷ்டம், எனக்கு முட்டி வலி, பத்து நிமிடத்தில் இறங்கிவிடுங்கள் என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே இருட்டு. சுற்றிச் சுற்றிப் போகும் குறுகலான படிகள், படிக்குப் படி புறாக்களின் கைங்கரியம். பையனின் அம்மா இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது தடவை உட்கார்ந்தபோது, இதற்குப் பேசாமல் தாம்பரத்துக்கே நடந்து போயிருக்கலாம் என்றார். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

மேலே, கோபுரத்தின் கூரான பகுதியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவரோடு ஒரு தளம். வெளியே காலை வைத்த அடுத்த நொடியே பெரியவர் எங்கள் கால்களை ஏன் அப்படிப் பார்த்தார் என்று புரிந்தது. உச்சி வெயிலில் காய்ந்திருந்த கல். ஐந்து பேரும் ஒரே சமயத்தில் குதித்தோம். பெண் பார்த்த சம்பந்தத்தில் இரு வீட்டாரும் சேர்ந்து ஆடியது எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை. கோபுரத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு நிழல் விழுந்திருந்தது. எல்லோரும் அங்கே ஓடி நெருக்கியடித்து நின்றோம். யாரும் திசை பார்த்து நிற்கவில்லை. கால் சுடாத இடம் பார்த்து நின்றோம்.

அது தை மாதம். தை மாத நண்பகலில் நம் ஊரில் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று எட்டாம் வகுப்புக் கேள்வித்தாளில் நானே கேட்டிருக்கிறேன். இரண்டு மதிப்பெண். விடை: வடக்கு. அந்தக் கேள்வியைச் சரியாக எழுதாத பிள்ளைகளை முட்டி போட வைத்திருக்கிறேன். அன்றைக்கு வடக்குப் பார்த்த நிழலில் நின்றுகொண்டு நான் தெற்கே இருக்கிற தாம்பரத்தைத் தேடினேன்.

கீழே தண்டவாளம் தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. தண்டவாளம் இருந்தால் நான் ராணி. அதற்கு இரண்டு பக்கம்தான். ஒன்று பீச், இன்னொன்று தாம்பரம். அந்த நேரம் பார்த்து ஒரு மின்சார ரயில் ஸ்டேஷனை விட்டு வலது பக்கமாகக் கிளம்பியது.

"அதோ, தாம்பரம் வண்டி" என்றேன். சந்தேகத்தின் சாயல்கூட என் குரலில் இல்லை. அது போகிற போக்கிலேயே பாருங்கள் என்று விரலை நீட்டினேன். நான்கு தலைகளும் திரும்பின. வீடுகள், மரங்கள், அதற்கப்பால் வெயிலில் பளபளவென்று ஒரு நீளமான தண்ணீர்.

"அதுதான் எங்க இரும்புலியூர் ஏரி."

பையனின் அம்மா நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். இவ்வளவு பக்கத்திலா என்று அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. நான் விடவில்லை. தண்ணீருக்கு முன்னால் உயர உயரமாக நின்ற இரும்புக் கம்பங்களைக் காட்டி, அவை மறைமலை நகர்த் தொழிற்சாலைகள் என்றேன். மறைமலை நகர் எங்கள் ஊரைத் தாண்டி இன்னும் வெகுதூரம். அது ஏரிக்கு முன்னால் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பையனின் அப்பா மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, அது ஏரியா?"

"ஆமாங்க. மழை சமயத்துல இன்னும் பெரிசா இருக்கும்."

"மீனெல்லாம் கீதா?"

"விரால், கெண்டை எல்லாம் இருக்குங்க."

"அல அடிக்குமா?"

"காத்தடிச்சா லேசா அடிக்கும்."

அவர் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினார். தியாகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றார். தும்மல் வருகிறது என்று சொன்னார். நானும் புறா எச்சத்தின் வாசனை என்று நம்பினேன்.

நான் ஒருத்தி உளறியதோடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். என் அம்மா அந்த ஏரிக்கரையில் பிறந்து, அந்த ஏரிக்கரையிலேயே வாழ்க்கைப்பட்டவள். அவளும் எட்டிப் பார்த்தாள். "நம்ம ஏரியேதான். அதோ மதகு தெரியுது" என்றாள். கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "நம்ம வீடும் தெரியுதுடி. காலையில மாடியில காயப்போட்டேனே சிவப்புப் புடவை, அது பறக்குது பாரு" என்றாள். பார்த்தேன். தண்ணீர் ஓரமாக உயரத்தில் சிவப்பாக ஏதோ ஒன்று நிஜமாகவே பறந்தது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு தைரியமாக இருந்தது அந்த ஒரு நிமிடம்தான். துணி காய்வதுகூடத் தெரிகிற தூரத்தில் இருக்கிற வேலையை விடச் சொல்லலாமா என்று கேட்க வாயைத் திறந்தேன்.

அப்போது அந்தப் புடவை நகர்ந்தது.

முதலில் காற்று என்று நினைத்தேன். புடவையோடு சேர்ந்து மாடியும் நகர்ந்தது. மாடிக்குக் கீழே இருந்த வீடும் நகர்ந்தது. ஒரு சின்னப் படகு முன்னால் இழுத்துப் போக, எங்கள் வீடு நிதானமாக ஏரியை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நீளமாக ஒரு ஊதல் சத்தம் வந்து சேர்ந்தது.

பையனின் அப்பாதான் ஆரம்பித்தார்.

"வூடு கெளம்பிச்சும்மா."

பிறகு, என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "அந்த ஏரியிலதாம்மா நான் முப்பது வருசம் கிரேன் ஓட்டுனேன்."

சர்க்கார் உத்தியோகம் என்றால் துறைமுகம். மறைமலை நகர்த் தொழிற்சாலை என்றால் கிரேன். மதகு என்று அம்மா சொன்னது எதை என்று இன்றுவரை தெரியாது. கோபுரத்திலிருந்து குதித்துவிடலாமா என்று எனக்கு இருந்தது. ஆனால் குதிப்பதற்கும் வெயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தியாகு போச்சு, பிழைப்பும் போச்சு, பூகோளமும் போச்சு. அம்மா மட்டும் ஒன்றும் நடக்காதது போல, ஏரி மாதிரியேதான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பையனின் அம்மா திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். சத்தம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, என்னை மறந்து, அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, இதுல எது உங்க கிரேனு?"

அவர் காட்டினார். இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது. அதன் உச்சியில் ஒரு சின்னக் கூண்டு.

"நா கட்டிக் குடுத்த சோத்த அவ்ளோ ஒசரத்துல குந்திகினா துன்னீங்க?"

"எறங்கி ஏறுனா நேரம் பூடும்ல" என்றார் அவர்.

முப்பது வருடம் தினமும் விடிகாலையில் எழுந்து தான் கட்டிக் கொடுத்த சாப்பாடு போன இடத்தை அந்த அம்மாள் அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்க்கிறார். துறைமுகத்துக்குள் வெளி ஆட்களை விட மாட்டார்கள். இந்தக் கோபுரத்தில் ஏற வேண்டும் என்று, நிழலிலேயே குடியிருந்தும், அவருக்குத் தோன்றியதில்லை. இரண்டு பேரும் அந்தக் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அழுகை வந்த காரணம் மாறிப்போயிற்று.

பிறகு பையனின் அம்மா என் பக்கம் திரும்பினார். "சரி, உங்க தாம்பரம் எங்கதான் கீது?"

பையனின் அப்பா எங்களைக் கோபுரத்தின் மறுபக்கத்துக்கு அழைத்துப் போனார். அங்கே நிழல் கிடையாது. ஐந்து பேரும் ஒற்றைக் கால் மாற்றி ஒற்றைக் காலில் நின்றோம். தூரத்தில் பரங்கிமலை ஒரு சின்ன மேடாகத் தெரிந்தது. அதற்கப்பால் வெறும் புகை மூட்டம். அந்தப் புகைக்கும் அப்பால்தான் உங்கள் ஊர் என்றார். எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை.

"தெரியலைங்க" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் உண்மை அது. ஆரம்பித்த பிறகு மீதியையும் சொல்லிவிட்டேன். "தூரம்தான். ரயில்ல ஒரு மணி நேரம் ஆகும். மழைன்னா ரெண்டு மணி நேரம்கூட ஆகும். ஆனா நான் வேலையை விட மாட்டேங்க." கால் சுட்டதால் இதை நான் குதித்துக்கொண்டேதான் சொன்னேன். இவ்வளவு முக்கியமான வசனத்தை இவ்வளவு கேவலமாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பையனின் அம்மா புகை மூட்டத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, நாங்கள் வந்த பக்கம், கிரேன் இருந்த பக்கம் பார்த்தார்.

"சோறு மட்டும் வூட்லருந்து கட்டிகினு போவணும். அங்க இங்க வாங்கித் துன்னக் கூடாது" என்றார்.

அது சம்மதம் என்று எனக்குப் புரிய நான்கு படி இறங்க வேண்டியிருந்தது. இருட்டில் முன்னால் போன தியாகு திரும்பி, "எட்டாம் வகுப்பு 'சி'க்கு இதைச் சொல்லிடாதீங்க" என்று மெதுவாகச் சொன்னபோதுதான் உறைத்தது.

கல்யாணம் சித்திரையில் நடந்தது. அடுப்படியில் ஒரு அடுக்குச் சம்படம் எனக்காகவே வந்து உட்கார்ந்தது. மாமியார் அதில் சோறு கட்டிக் கொடுப்பார். கூட்டத்துக்கு எதிர்த்திசையில் ரயிலேறி நான் தாம்பரம் போவேன். எதிர்த்திசை என்பதால் எப்போதும் உட்கார இடம் கிடைத்தது. சாயங்காலம் பள்ளியில் எல்லோரிடமும் "மெட்ராஸ் கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுவேன். அன்றைக்குக் கோபுரத்தில் ஏன் உடனே சொல்லவில்லை என்று மாமனாரை ஒருமுறை கேட்டேன். பொண்ணு அவ்வளவு அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தது, நடுவில் எதற்கு உடைப்பானேன் என்றார்.

வீட்டில் என் மானம் போனது போனதுதான். நான் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால், ஏரியில் கப்பல் போக்குவரத்து அதிகமா என்று கேட்பார்கள். என் மகள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டபோது, அம்மா எந்தப் பக்கம் கை காட்டுகிறாளோ அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பு என்பதுதான் அவள் அப்பா சொல்லிக்கொடுத்த முதல் விதி. அதைப் பின்பற்றி அவள் ஒருதடவைகூட வழி தவறியதில்லை.

பல வருடம் கழித்து ஒரு கார்த்திகை மாதம் மழை கொட்டித் தீர்த்தது. (அதற்குள் மெட்ராஸே சென்னையாகிவிட்டது.) எங்கள் ஏரியும் சுற்றியிருந்த ஏரிகளும் நிரம்பி வழிந்து, தெருவில் இடுப்பளவு தண்ணீர். அரிசி, அடுப்பு, பூனை சகிதமாக அம்மா மொட்டை மாடி அறைக்குக் குடிபெயர்ந்திருந்தாள். எனக்கு இங்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ராத்திரியெல்லாம் அடித்து அடித்து, காலையில்தான் போன் கிடைத்தது. நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டேன், பால் பாக்கெட்டைப் படகில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள் என்றாள். நான் நிம்மதியில் அழுதுகொண்டே, "படகா?" என்று திரும்பக் கேட்டேன்.

கட்டிலில் படுத்திருந்த மாமியாருக்கு அப்போது காது பாதிதான் கேட்கும். இந்த ஒரு வார்த்தை மட்டும் சரியாகக் கேட்டுவிட்டது. எழுந்து உட்கார்ந்து, கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"சம்பந்தி," என்றார், "மாடியில காயப்போட்ட செவப்புப் பொடவய எடுத்துட்டியா? வூடு கெளம்பிடப் போவுது."